பங்கு மீன்

"சார், நான் குடுத்த மீன் கொழம்ப குழி தோண்டிப் பொதைக்கிறீங்களாமே, நெசமா?"

கேட்டைத் திறந்ததும் மீனா இப்படிக் கேட்பாள் என்று ஞானம் எதிர்பார்க்கவில்லை. அவள் கையில் வழக்கம்போல் தூக்குவாளி இருந்தது. முகம்தான் வழக்கம்போல் இல்லை.

"யாரும்மா சொன்னது?"

"எதுத்த வீட்டுத் தமிழ்ச்செல்வி அக்கா மாடியில துணி காயப்போடயில பாத்துச்சாம். பூனை தோண்டிறக் கூடாதுன்னு மேல கல்லு வேற வச்சீங்களாமே. என் கைச் சமையலு பூனைக்குக்கூட ஆகாதா சார்?"

தெருவில் கேமரா இல்லாத குறையை எதிர்வீட்டு மொட்டைமாடிகள் தீர்த்துவைத்துவிடுகின்றன.

கோச்சடையில் அந்த வீட்டில் அவர் தனி ஆள். மனைவி பெர்சி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. வாரம் முழுக்க அவர் வீட்டு கேட்டைத் தட்டுகிற ஒரே ஜீவன் இந்தப் பக்கத்து வீட்டு மீனாதான்.

அவள் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர்க் கண்மாயில் பங்கு உண்டு. சனிக்கிழமை வலை போட்டால் அவருடைய அண்ணன் பங்கு மீனைக் கொடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அது குழம்பாகி ஞானத்தைத் தேடி வரும்.

சர்ச்சிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் அவர் காத்திருப்பார். மீனா வாளியைக் கொடுத்துவிட்டு, கரண்ட் போனது, பிள்ளைகளின் பரீட்சை என்று கேட்டருகே நின்று கொஞ்ச நேரம் பேசுவாள். அப்புறம் அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்த வீட்டில் டி.வி. மட்டும்தான் பேசும்.

"பிடிக்கலைன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? 'கொழம்பு பிரமாதம்மா'ன்னு வாரா வாரம் என்னைய ஏமாத்தணுமா?"

பிடிக்காமல் என்ன? மீன் என்றால் அவருக்கு உயிர். செப்டம்பரில் பேப்பரில் அந்தச் செய்தியைப் படிக்கிற வரைக்கும் வாளியை வழித்து வழித்துத்தான் சாப்பிட்டார்.

அந்தக் கண்மாய்த் தண்ணீரில் ஏதோ ஆலைக் கழிவு கலந்து, மீனில் ரசாயனம் ஏறிக் கிடக்கிறதாம். அவித்தாலும் பொரித்தாலும் போகாதாம். உடம்புக்குள் புகுந்தால் வருஷக்கணக்கில் தங்கிவிடுமாம். வளரும் பிள்ளைகளுக்கு ரொம்பவே கெடுதல் என்று போட்டிருந்தது.

படித்த கையோடு மீனாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா? மனுஷன் சொல்லவில்லை. சொன்னால் மீன் வருவது நிற்கும். மீன் நின்றால் மீனாவும் வரமாட்டாள்.

தன் பங்கைப் புதைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதைத் தின்னட்டும் என்று சும்மா இருந்துவிட்டார். சர்ச்சில் முழங்கால் போட்டபோதுகூட இதைக் கர்த்தரிடம் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

இதற்கு மேல் மறைக்க முடியாது.

"தப்பு என்மேலதாம்மா. ஒன் சமையல்ல ஒரு கொறையும் இல்ல. அந்தக் கண்மாய் மீனு விஷமாம், பேப்பர்ல போட்டிருக்கான். இனிமே அத அடுப்புலயே ஏத்தாத. ஒம் புள்ளைக திவ்யாவுக்கும் அவ தம்பிக்கும் தயவுசெஞ்சு குடுத்துறாத."

அவர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொன்னா நீ இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டியோன்னு பயந்துட்டேன். பேச ஆளில்லாத வீடும்மா இது. இந்தப் பாவிய மன்னிச்சிரு."

மீனா தூக்குவாளியைக் கீழே வைத்தாள். வந்த கோபம் இருந்த இடம் தெரியவில்லை. கண்கள்கூடக் கலங்கிவிட்டன.

"அட, இதுக்கா சார் இம்புட்டு நாளா மருகிக்கிட்டு இருந்தீங்க? புள்ளைகள நெனச்சுக் கவலையே படாதீங்க" என்று அவரைத் தேற்றினாள். "சித்திரைத் திருவிழாவுக்கு வந்தப்பவே அவுக அண்ணன் விஷயத்தச் சொல்லிட்டாரு. அன்னையிலேருந்து எங்க வீட்டுல ஒருத்தரும் அந்த மீனத் தொடுறதில்ல. ஆனா வேணாம்னு சொன்னா கண்மாய்ப் பங்கு போயிரும். பங்கு மீனு ஊர்ச் சாமிக்கு நேந்த மீனு, அத விக்கவும் கூடாது, கொட்டவும் கூடாது. அதான் சார், உங்க ஒருத்தருக்கு மட்டும் சமைச்சுக் கொண்டு வாரேன்."