உதடு மூடாத சொல்

திரையில், எண்ணூறு வருடத்துக்கு முந்தைய பிரான்ஸில், ஒரு பண்ணையாள் கோட்டை வாசல் சேற்றில் மண்டியிட்டுத் தன் எஜமானனைக் கூப்பிடுகிறான். தமிழ் வசனத் தாளில் "பிரபுவே" என்றிருந்தது. ஒன்பது டேக் ஆகியும் ஒட்டவில்லை. "பி" சொல்ல உதட்டை மூடவேண்டும். திரையில் அவன் வாயோ திறந்தே கிடந்தது. பத்தாவது டேக்கில், குரல் கொடுத்துக்கொண்டிருந்த மதியழகனின் வாயிலிருந்து தாளில் இல்லாத ஒரு சொல் வந்து விழுந்தது.

"ஆண்டே!"

வாயசைவு அச்சாகப் பொருந்தியது. கண்ணாடிக்கு அப்பால் டப்பிங் இயக்குநர் ரகுராமன் எழுந்து நின்று கைதட்டினார்.

"பிரமாதம் மதி! அந்தக் குழைவு இருக்கே, அதை எங்க பிடிச்சீங்க?"

களத்துமேட்டில் மிராசுதார் முன்னால், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பா அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் மதியழகன் வேறு பக்கம் திரும்பி நின்றிருக்கிறான். "எங்கப்பாகிட்ட" என்பது தொண்டைவரை வந்தது.

"ஏதோ பழைய படத்துல கேட்டது, சார்" என்றான்.

மைக்கை யாரும் இன்னும் அணைக்கவில்லை. அவன் சொன்ன "சார்" ஹெட்போன் வழியாக அவன் காதுக்கே திரும்பி வந்தது, அப்பாவின் குழைவோடு.