ஓர்வில்லுக்கு ஒரு தட்டு

"இன்னிக்கும் துரை எழுந்திருக்கலையாம்!"

ஆர்டித் பிரஷ்ஷை டப்பாவில் போட்ட வேகத்தில் கணவர் வெர்லினின் சட்டையில் நாலு சொட்டு பெயின்ட் தெறித்தது.

"யாரு, ஓர்வில்லா? முதுகு வலின்னு அவர் பொண்டாட்டி லவோன் சொன்னாளே."

"முதுகு வலின்னா பாலத்தைத் தாண்டி மெக்சிகோவுல மாத்திரை வாங்கிப் போட்டுக்க வேண்டியதுதானே? பாதி விலை. நீங்க போய்ப் பல்லைக் கட்டிக்கிட்டு வரலையா?"

வெர்லின் புதுப் பல் தெரியச் சிரித்தார்.

பனிக்காலம் வந்தால் கேரவனைக் கிளப்பிக்கொண்டு டெக்சாஸ் எல்லைக்கு வந்து, சின்னச் சர்ச்சுகளுக்குக் கட்டட வேலை செய்து கொடுக்கிற ஓய்வுபெற்றவர்கள் இவர்கள். சம்பளம் கிடையாது. வண்டி நிறுத்த இடம், கரன்ட், தண்ணீர், மதியம் உள்ளூர்ப் பெண்கள் கொண்டு வருகிற சுடச்சுட டமாலே என்கிற மக்காச்சோளக் கொழுக்கட்டை, அவ்வளவுதான். ஆனால் சட்டம் மட்டும் உண்டு. ஜோடியாக வருகிறவர்களுக்குத்தான் இடம். இரண்டு பேரும் வேலை செய்ய வேண்டும்.

தலைவர் ஹார்லன் அதில் ரொம்பக் கறார். மனைவியை அயோவாவில் விட்டுவிட்டுத் தனியாக வந்த கஸ் என்பவரை, ஒரு காபியைக் கொடுத்து அப்படியே திருப்பி அனுப்பியவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஓர்வில் விஷயத்தில் மட்டும் ஏன் வாயைத் திறப்பதில்லை?

முதல் வருஷமாக வந்திருந்த ஆர்டித்துக்கு அது பொறுக்கவில்லை. வந்ததிலிருந்து அந்த ஆளின் முகத்தையே அவள் பார்த்ததில்லை. பாவம் லவோன், எழுபது வயதில் ஏணியில் நின்று ஆணி அடிக்கிறாள். மதியமானால் புருஷனுக்கென்று ஒரு தட்டில் போட்டு மூடி, கேரவனுக்கு எடுத்துப் போகிறாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் ஆர்டித் ஹார்லனிடம் கேட்டே விட்டாள்.

"கஸ்ஸுக்கு ஒரு நியாயம், ஓர்வில்லுக்கு ஒரு நியாயமா?"

"நான் பேசிக்கிறேம்மா," என்றார் ஹார்லன்.

பேசவும் செய்தார். போய்க் கேரவன் கதவைத் தட்டி, "ஏய் ஓர்வில்! பொண்டாட்டி ஏணியில நிக்கிறா, உனக்குத் தூக்கம் கேக்குதா? நாளைக்காவது வந்து சேரு!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். உள்ளேயிருந்து பதில் இல்லை. திரும்பி வந்து மிச்ச பீன்ஸைச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

ஆர்டித்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுக்குப் பேரு கண்டிப்பா? கேக்கிற விதத்துல நான் கேக்கிறேன்."

லவோன் ஏணியில் ஏறியதும் ஆர்டித் நேராக ஓர்வில்லின் கேரவனுக்குப் போனாள். அந்த வளாகத்தில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. தள்ளித் திறந்தாள்.

"மிஸ்டர் ஓர்வில், உங்களுக்குக் கொஞ்சமாவது வெக்கம்..."

படுக்கை காலி. சோபா காலி. பாத்ரூம் கதவு திறந்து கிடந்தது.

டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்கு சீட் பெல்ட் போட்டிருந்தது. மூடியில் ஓர்வில் என்று பெயர் செதுக்கி, கீழே பிறந்த தேதி, இறந்த தேதி. போன வருஷம்தான்.

கடவுளே, இந்த மனுஷனையா வாய்க்கு வந்தபடி பேசினோம்!

"சாம்பல்," என்றாள் பின்னாலிருந்து லவோன். கையில் இன்னும் சுத்தியல் இருந்தது. "அக்டோபர்ல போயிட்டார். காபி குடிச்சிட்டு இருந்தவர் அப்படியே சாஞ்சிட்டார்."

"அப்போ... அந்தச் சாப்பாடு?"

"ராத்திரிக்கு நானே சாப்பிட்டுக்குவேன்." லவோன் சோபாவில் உட்கார்ந்தாள். "தனியா வந்தா இங்க இடம் கிடையாதே. அந்த வீட்ல, அந்தப் பனியில, ஏப்ரல் வரைக்கும் நான் யார்கூடப் பேசுவேன் சொல்லு? உனக்குப் புண்ணியமாப் போகும், யார்கிட்டயும் சொல்லிடாத."

சாயங்காலம் எல்லாரும் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெர்லின்தான் ஆரம்பித்தார்.

"என்ன ஆர்டித், ஓர்வில்லை உண்டு இல்லைன்னு பண்ணிட்டியா? என்ன சொன்னாரு?"

எல்லாத் தலையும் திரும்பியது. ஹார்லனும் பார்த்தார். லவோன் மட்டும் தரையைப் பார்த்தாள்.

காலமெல்லாம் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்தியவள் ஆர்டித்.

"பாவங்க, எழுந்திருக்கவே முடியல அவரால. நான்தான் தெரியாமப் பேசிட்டேன். இனிமே யாரும் அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க."

கூட்டம் கலைந்ததும் ஹார்லன் அவளைத் தனியே கூப்பிட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே போனாள்.

"பரவாயில்லையே, நல்லாவே பொய் சொல்றே," என்றார்.

"ஹார்லன், அவளை அனுப்பிடாதீங்க. யாரையாவது அனுப்பித்தான் ஆகணும்னா எங்களை அனுப்பிடுங்க."

"எதுக்கு அனுப்பணும்? கஸ்ஸுக்கு வீட்ல பொண்டாட்டி இருக்கா. இவளுக்கு யாரு இருக்கா?"

ஆர்டித் அதிர்ந்து போனாள்.

"உங்களுக்குத் தெரியுமா? அப்புறம் எதுக்கு அந்தக் கதவைத் தட்டி அவ்வளவு கத்தினீங்க?"

"உன் வாயை மூடறதுக்குத்தான். மூடலையே நீ!" ஹார்லன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லவோனுக்கு அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டத் தெரியாதும்மா. அவ ஊரு மினசோட்டாவுக்கு பஸ்ல போய், நான்தான் ஓட்டிட்டு வந்தேன். வழியெல்லாம் ஓர்வில் என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தான்."