கரி சாசேஜுக்குக் கல்தா

"வயசான ஆட்டக்காரங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பு! அப்பதான் இந்த டீம் உருப்படும்!"

லாயிட் கத்திய கத்தலில் பக்கத்துக் காரில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து குரைத்தது.

எங்க ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் டீமான டக்போட்ஸ் போன சீசனில் ஜெயித்தது ஒரே ஒரு மேட்ச். அதுவும் எதிராளி பந்தைத் தூக்கிக்கொண்டு தப்பான பக்கம் ஓடியதால். 'டீமை அடியிலிருந்து புதுசா கட்டறோம்' என்று நிர்வாகம் அறிவித்ததிலிருந்து நாங்களும் நிர்வாகிகள் ஆகிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரை ஸ்டேடியத்துக்கு வெளியே காரை நிறுத்தி, அடுப்பு மூட்டி, தின்றுகொண்டே டீமைக் கட்டுவோம்.

"பந்தை நேரா எறியத் தெரியாத பொடிப் பையனுக்கு அஞ்சு கோடி டாலராம்! எவன் அப்பன் வீட்டுக் காசு?" என்றாள் ஃபில்லிஸ். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். அவள் குரல் எப்பவும் கடைசி சீட்டுக்கும் சேர்த்துத்தான்.

"பையனை விடு. கிழட்டு ஹாஸ்கின்ஸை இன்னும் வச்சிருக்காங்களே, அதைக் கேளு! முட்டி ரெண்டும் போச்சு. பாசம் பார்த்தா கோப்பை வருமா?" என்றான் லாயிட். அவன் போட்டிருந்ததே ஹாஸ்கின்ஸ் பேர் எழுதிய பனியன்தான்.

பேச்சு வேகத்தில் கையிலிருந்த சாசேஜைக் கடித்தான். மொறுக்கென்றது. துப்பினான். கரி.

அடுப்பு எப்போதும் நார்பர்ட் பொறுப்பு. எங்க கோஷ்டியில் மூத்தவர். பெண்டாட்டி போனபிறகு ஞாயிற்றுக்கிழமைக்காகவே உயிரை வைத்திருக்கிற மனுஷன். கொஞ்ச நாளாக அவர் சுடுவது ஒன்று பச்சையாக இருக்கும், இல்லையென்றால் கரியாக இருக்கும். அப்போது கரி மூட்டை எடுத்து வர வண்டிக்குப் போயிருந்தார்.

லாயிட் குரலைத் தாழ்த்தினான். "நாமளும் புதுசா கட்டணும்."

"அடப்பாவி! நார்பர்ட்டையா சொல்ற?" என்றேன்.

"பாசம் பார்த்தா கோப்பை வருமா?"

என் கையிலிருந்த சாசேஜும் கரிதான். பசி வேறு.

பக்கத்து வரிசை டுவேன் சாசேஜ் சுடுவதில் சூரன். அவன் கோஷ்டி, உருளைக்கிழங்கு சாலடில் சர்க்கரை போடலாமா கூடாதா என்ற சண்டையில் போன வாரம்தான் உடைந்தது. இன்றைக்கு என்னவோ காலையிலிருந்து எங்களையே சுற்றிக்கொண்டிருந்தான்.

"டுவேன், எங்க டீமுக்கு வர்றியா? அடுப்பு உனக்கு," என்றான் லாயிட்.

டுவேன் திருதிருவென்று முழித்தான். "என்னது, அதுக்குள்ளயா?"

"ஏன்ப்பா, பேரம் பேசணுமா?"

"ஆங்... ஆமா! பேரம்!" ஏதோ பாடத்தை ஞாபகப்படுத்திக்கொள்கிறவன் மாதிரி தலையைச் சொறிந்தான். "புகை அடிக்காத பக்கமா நாற்காலி வேணும். ஐஸ் பெட்டியில முதல் பீர் எனக்கு. அப்புறம் என் மச்சான் ரஸ்ஸலையும் சேர்த்துக்கணும்."

"அவன் என்ன பண்ணுவான்?"

"சாப்பிடுவான்."

ஒத்துக்கொண்டோம். ரஸ்ஸலை உட்காரவைக்க இடம் வேண்டுமே, மடக்கு மேசையை அடுத்த கோஷ்டியிடம் தள்ளிவிட்டு பதிலுக்கு ஒரு பை பன் வாங்கினோம். ஃபில்லிஸின் பீன்ஸ் சூப்பையும் நிறுத்தினோம். "எதிர்காலத்துக்கு முதலீடு!" என்று அவளே கை தூக்கினாள்.

"சரி, நார்பர்ட்கிட்ட யார் சொல்றது?"

லாயிட் அவசரமாகக் குனிந்து ஷூ கயிறு கட்டினான். அவன் போட்டிருந்தது கயிறே இல்லாத ரப்பர் பூட்ஸ். கடைசியில் நான்தான் போனேன்.

"நார்பர்ட்... கோஷ்டியில சில மாற்றம் பண்ணலாம்னு... டுவேன் சும்மாதான இருக்கான்..."

அவர் கரி மூட்டையைக் கீழே வைத்தார். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இன்னிக்கேவா?"

"ஆமா."

ஏப்ரனைக் கழற்றி, நாலாக மடித்து, அதன் மேல் இடுக்கியை வைத்து என் கையில் கொடுத்தார். "சரிப்பா. சந்தோஷமா சாப்பிடுங்க." அவ்வளவுதான். ஏரிக்காற்றுக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு தன் வண்டியைப் பார்த்து நடந்தார்.

ஏப்ரனையும் இடுக்கியையும் டுவேனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். டுவேன் சுட்ட சாசேஜ் இருக்கிறதே, அமிர்தம்! மேசை இல்லாததால் நின்றுகொண்டே தின்றோம். உட்கார்ந்து தின்றது ரஸ்ஸல் மட்டும்தான்.

"பாத்தீங்களா, இதுதான் நிர்வாகம்!" என்று விரலை நக்கினான் லாயிட். "அதிருக்கட்டும் டுவேன், ஊரெல்லாம் உன்னைக் கூப்பிடுது. எங்களை ஏன் பிடிச்ச?"

"நான் எங்க பிடிச்சேன்? புதன்கிழமை நார்பர்ட்தான் என் வீட்டுக்கு வந்து கெஞ்சினாரு. கண்ணு மங்கிப்போச்சாம். சாசேஜ் சிவப்பா இருக்கா கறுப்பா இருக்கான்னே தெரியலையாம். 'நிறைய கேளு, அப்பதான் உன்னை மதிப்பாங்க'ன்னு சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்."

லாயிட் மெல்லுவதை நிறுத்தினான். "அதை எங்ககிட்டயே சொல்லிட்டு ஒதுங்கியிருக்கலாமே?"

"நானும் அதைத்தான் கேட்டேன்." டுவேன் ஒரு சாசேஜைத் திருப்பிப் போட்டான். "'எங்க பசங்க பாசக்காரங்கப்பா. கரியைத் தின்னாலும் தின்பாங்க, என்னைக் கழட்டிவிட அவங்களுக்கு மனசே வராது. நீ வாராவாரம் அங்க போய் நில்லு. கிறிஸ்துமஸுக்குள்ள எப்படியாவது சம்மதிக்க வச்சிடலாம்'னு சொன்னாரு."