கண்ணாடியில் சி.ஏ.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடி அறை. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய 'சி.ஏ. ஆரோக்கியராஜ், வரி ஆலோசனை' என்ற எழுத்துகள் மதிய வெயிலில் நிழலாகி மேசைமேல் கிடக்கின்றன. அந்த நிழலின்மேல் மலர்விழி வருமான வரி நோட்டீஸை வைக்கிறாள். மயிலத்தில் எண்ணெய்ச் செக்கு நடத்துகிறவள். புடவையெல்லாம் மல்லாட்டை எண்ணெய் வாசம். நோட்டீஸுக்குப் பதில் சொல்ல நான்கே நாள்தான் இருக்கிறது. "ரிட்டர்ன் போடுற ஜூலைல மட்டும் மூஞ்சி காட்டுற ஆளு வேணாங்க. வருசம் பூரா கூட இருந்து பாக்குற, படிச்ச ஆடிட்டரா வேணும். நீங்க சி.ஏ. எங்க படிச்சீங்க?" ஃபேன் கடகடக்கிறது. ஆரோக்கியராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "படிக்கலம்மா. சி தாத்தா சின்னப்பன், ஏ அப்பா அந்தோணிசாமி." "இனிஷியலா?" "ஆமாம்மா. ஃபாரம் ரொப்பித் தருவேன், அவ்ளோதான்." "அத சொல்லாம போர்டு ஒட்டிக்கினு உக்காந்திருக்கீங்க." "இருவது வருசமா யாரும் கேக்கலியேம்மா." மலர்விழி நோட்டீஸை மெல்லத் தன் பக்கம் இழுக்கிறாள். "உங்க வரிய யாருங்க பாக்குறாங்க?" அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார். "விழுப்புரத்துல அஸ்வினி மேடம். நெசமாவே படிச்சவங்க. எந்த மாசம் கூப்ட்டாலும் போன் எடுப்பாங்க." மலர்விழி நோட்டீஸைப் பின்பக்கம் திருப்பிப் போட்டு, அவர் சட்டைப்பையிலிருந்தே பேனாவை உருவுகிறாள். "நம்பர சொல்லுங்க."