கார்த்திகையில் மலை பார்க்க

"கார்த்திகை மாசத்துல எவளாவது போடிமெட்டைச் சுத்திப் பாக்கப் போவாளாடி?"

போனில் சூர்யகலா கேட்டதில் நியாயம் இருந்தது. மழைக்காலம். மலை மொத்தமும் மஞ்சு மூடிக் கிடக்கும். முன்னால் போகிற பஸ்சின் பின்பக்கம்கூடத் தெரியாது.

"நாம போவோம்" என்றாள் மாயக்காள்.

"தை மாசம் போவோம்டி. வானம் தொடைச்சு வச்சாப்ல இருக்கும்."

"கார்த்திகைன்னா வர்றேன். இல்லேன்னா நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

மாயக்காள் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அவள் பிடித்த முயலுக்கு மூணே கால்.

சூர்யகலா, மாயக்காள், கற்பகம் மூன்று பேரும் கல்யாணத்துக்கு முன்னால் போடியில் ஒரே ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கினவர்கள். பெரிய காய் ஒரு தட்டு, பொடிக் காய் ஒரு தட்டு. கை காயைப் பொறுக்கும், வாய் ஊர்க்கதையைப் பொறுக்கும். ஒரு பொங்கலுக்கு மறுநாள் முதலாளி எல்லோரையும் லாரியில் ஏற்றி மெட்டுக்குக் கூட்டிப் போனார். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரச் சுவரில் சாய்ந்து நின்று, கீழே ஊரை ஒட்டின பரமசிவன் மலையை வைத்து அடையாளம் பிடித்து, அவரவர் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். கற்பகம் வீட்டுக் கொடியில் காயும் சேலைகூடத் தெரிகிறது என்று மாயக்காள் அடித்துச் சொன்னாள். பச்சைப் பொய். ஆனாலும் மற்ற ரெண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

அப்படி ஒரு நாள் அதற்கப்புறம் சூர்யகலாவுக்கு வாய்க்கவே இல்லை. திருப்பூருக்கு வாக்கப்பட்டுப் போய்விட்டாள். அவள் பிறந்த ஓட்டு வீட்டை வருகிற சித்திரையில் அண்ணன் இடித்துக் கட்டப் போகிறார். அதற்குள் அதே சுவரில், அதே மூணு பேராக நின்று அந்த வீட்டை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு.

கற்பகத்துக்குப் போன் போட்டாள்.

"தையா? தையில எனக்குத் தோதுப்படாதுடி. சோலி கெடக்கு."

வருசா வருசம் கற்பகம் பாடுகிற பாட்டுத்தான். எந்த மாசத்தைச் சொன்னாலும் ஒரு சோலி வந்துவிடும். ஆனால், மாயக்காள் கார்த்திகை கேட்கிறாள் என்றதும், "மஞ்சு மூடிக் கெடக்குமேடி?" என்று மட்டும் கேட்டாள்.

"சரி, வர்றேன்" என்றாள்.

ரெண்டு பேரும் உள்ளூர்க்காரிகள், பேசி வைத்துக்கொண்டு என்னை ஓரங்கட்டுகிறார்கள் என்று சூர்யகலாவுக்கு ஒரே ஆத்தாமை. வராமலும் இருக்க முடியவில்லை. கிளம்பி வந்து சேர்ந்தாள்.

மாயக்காளின் அண்ணன் மகன் செழியன் ஜீப்பை எடுத்தான். அவனும் சலித்துக்கொண்டான்.

"இந்த மஞ்சுல என்னத்த அத்தே பாக்கப் போறீங்க?"

"நீ ரோட்டைப் பாரு. மெதுவா ஓட்டு, அது போதும்."

சில வளைவுகள் ஏறியதுமே வெளியே எதுவும் தெரியவில்லை. சூர்யகலா வேண்டுமென்றே மாயக்காளிடம் பேசவில்லை. பின் சீட்டில் கற்பகத்தோடு பழங்கதை பேசிக்கொண்டு வந்தாள்.

"நம்ம கடைக் கணக்குப்பிள்ளை ஞாபகம் இருக்காடி? சாயங்காலமானா நம்மளை மடியை உதறிக் காட்டச் சொல்லுவாரே. ஒருநா மழைன்னு அவரு கொடையை விரிச்சாரு, உள்ளயிருந்து ஏலக்காயாக் கொட்டுச்சு."

கற்பகம் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். மாயக்காள் மட்டும் முன் சீட்டில் ரோட்டையே பார்த்தபடி வந்தாள். சிரித்தால் என்ன குறைந்துவிடும் இவளுக்கு என்று சூர்யகலாவுக்கு எரிச்சலாக இருந்தது.

அந்தச் சுவர் வந்தது. இறங்கினார்கள். போடியும் இல்லை, பரமசிவன் மலையும் இல்லை. எட்டிப் பார்த்தால் ஒரே வெள்ளை.

"நல்லாப் பாத்துக்கங்க. எங்க வீடு தெரியுதா?" என்றாள் சூர்யகலா குத்தலாக.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஜீப்புக்குத் திரும்பினார்கள். ஏறப்போன கற்பகம், மாயக்காளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு போன அந்த வளைவு வரும்போது சொல்லிரு மாயக்கா. நான் கண்ணை மூடிக்கிறேன்."

"அது எப்பவோ தாண்டியாச்சு. கணக்குப்பிள்ளை கொடைக்கு நீ சிரிச்சுக்கிட்டு இருந்தேல்ல, அப்ப."

கற்பகம் நம்பாமல் திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள். அங்கேயும் வெள்ளைதான். "தாண்டியாச்சா" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். உள்ளே ஏறி உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சூர்யகலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எஸ்டேட்டில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கற்பகத்தின் வீட்டுக்காரர் கன்னையன் ஜீப்போடு பள்ளத்தில் போனது இந்த ரோட்டில்தான். துட்டிக்கு வந்து கற்பகத்தைக் கட்டிப்பிடித்து அழுதவள்தான் அவளும். அந்த இடம் எது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதற்கப்புறம் கற்பகம் இந்த மலையில் கால் வைக்கவில்லை என்பதையும் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மாயக்காளிடம், கற்பகத்துக்குக் கேட்காமல்.

"சொல்லியிருந்தா வழியெல்லாம் நீ அழுதுக்கிட்டு வந்திருப்பே. அவளை இப்படிச் சிரிக்க வச்சிருப்பியா?"

மாயக்காள் அவள் தோளைத் தட்டினாள்.

"தையில வந்தா உங்க வீடு நல்லாத் தெரியும்டி, இல்லைங்கல. அந்தப் பள்ளமும் தெரியும்."