நோயில்லாத ரத்தம்

"கைனேஸ்ங்கிறது செல்லைப் பெருகச் சொல்ற சுவிட்ச். அது அணையாம நின்னுட்டா ரத்தப் புற்றுநோய்!" மாநாட்டுப் பேச்சை ஆய்வகக் கண்ணாடியைப் பார்த்து முழங்கிக்கொண்டிருந்தார் பேராசிரியர்.

ஆய்வு மாணவி சோதனை முடிவுத் தாளோடு வந்து நின்றாள்.

"சார், நோயாளி ரத்தத்துல சுவிட்ச் அணையல. ஒப்பிட்டுப் பாக்க வெச்ச நல்ல ரத்தத்துலயும் அணையல."

"குழாயை மாத்தி வெச்சிருப்ப. உன்னைக் கட்டி மேய்க்கிறேன் பாரு!"

"திரும்பத் திரும்பப் பாத்துட்டேன் சார்."

"அப்போ எவனோ ஒரு சீக்காளியை நம்ம தலையில கட்டிட்டாங்க. அவன் கணக்கு முடிஞ்சுது. அந்த ரத்தத்தைக் கொட்டிட்டு வேற ஆள்கிட்ட எடு."

"அவர்கிட்ட சொல்ல வேணாமா சார்?"

"அது நம்ம வேலையா? யார் அவன்?"

"நல்ல ரத்தம் குடுக்க வேண்டிய ஆள் அன்னிக்கு வரல சார். 'என் உடம்பை விடவா நல்ல உடம்பு?'ன்னு நீங்கதான் சட்டைக்கையை மடிச்சு நீட்டினீங்க."