நாற்பத்தேழாம் குழாய்

"அண்ணே, இந்த அம்மாவுக்கு இப்பவே போன் பண்ணுங்க! நாளைக்குப் பார்க்கலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து மூன்றே மாதமான லேப் டெக்னீஷியன், கையிலிருந்த தாளை அவர் மேஜையில் வைத்து விரலால் தட்டினாள். குழாய் எண் நாற்பத்தேழைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

அவருக்கு அங்கே ஃப்ரீசர் அண்ணன் என்றுதான் பெயர். ரத்தம் நிரப்பிய குழாய்கள் உறைந்து கிடக்கும் அந்தப் பெட்டியின் சாவியை லேசில் யாரிடமும் தரமாட்டார். எந்தக் குழாய் யாருடையது என்ற பட்டியலும் அவரிடம்தான். மற்றவர்களுக்கு வெறும் எண்தான் தெரியும்.

"சரியாப் பார்த்தியாம்மா?"

"மூணு தடவை ஓட்டிட்டேன். மூணு தடவையும் அதேதான் வருது."

ரத்தத்தில் டிஎன்ஏ துணுக்குகள் மிதக்கும். அவற்றின்மேல் மெத்தில் என்ற நுணுக்கமான குறிகள் ஒட்டியிருக்கும். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் தலைகாட்டினால் அந்தக் குறிகள் மாறிப்போகும். அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கிற புதிய சோதனை இது. இன்னும் ஆராய்ச்சியில்தான் இருந்தது. ஐம்பது குழாய்களைப் பொறுக்கிக் கொடுத்தவர் அவர்தான்.

"ரொம்ப ஆரம்பமா?" என்று கேட்டார்.

"ரொம்ப ரொம்ப ஆரம்பம். ஒரு வலிகூட இருந்திருக்காது. இப்பவே டாக்டர்கிட்ட போனா காப்பாத்திடலாம்."

"இன்னொரு தடவை சொல்லு."

"என்னண்ணே, காது கேக்கலையா? காப்பாத்திடலாம்!"

அவர் கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தலையாட்டினார், பிடித்த பாட்டைக் கேட்பவர் மாதிரி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட, ஒரு உயிர் ஊசலாடுகிறது, இந்த மனுஷன் ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே! அவளுடைய அக்காவுக்கும் இதே நோய்தான். முற்றிய பிறகுதான் தெரிந்தது. 'ஏய் வாயாடி' என்ற அந்தக் குரலை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்கமாட்டோமா என்று அவள் ஏங்காத நாள் இல்லை. இன்னொரு வீட்டில் அப்படி நடக்க விடக்கூடாது.

"அவங்க வீட்டுக்காரர்னு ஒருத்தர் இருப்பார்ல? அவர்கிட்டயாவது சொல்லுங்க!"

"இருக்கான், இருக்கான்" என்றார் அவர்.

"நீங்க சரிப்பட மாட்டீங்க. நானே பேசிக்கறேன்."

பட்டியலை வெடுக்கென்று இழுத்தாள். நாற்பத்தேழுக்கு எதிரே பெயர் இல்லை, ஒரு போன் நம்பர் மட்டும் இருந்தது. தன் போனை எடுத்து மளமளவென்று அழுத்தினாள். அவர் தடுக்கவில்லை.

"ரிங் போகுது! எடுங்கம்மா, எடுங்க... புண்ணியமாப் போகும்..."

அவர் மேஜை டிராயருக்குள்ளிருந்து மணிச் சத்தம் கேட்டது.

அவர் டிராயரைத் திறந்தார். உள்ளே ஒரு பழைய பட்டன் போன், சார்ஜரோடு, மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. அவள் கை தானாகக் கீழே இறங்கியது.

"அவ போய் ஒன்பது வருஷமாச்சும்மா" என்றார் ஃப்ரீசர் அண்ணன். "அதுக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி, ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவங்க ரத்தம் வேணும்னு கேட்டாங்க, நம்ம வீட்டுல ஒருத்தி நல்லா இருக்காளேன்னு நான்தான் அவளைக் கூட்டிட்டு வந்தேன்."